ஒரு பீரங்கிப் படை, அஞ்சு கொடி: டச்சு குதிரை ஆர்ட்டிலரி 1793–1815 (நிகழ்வு ஆய்வு)

1815 ஜூன் 15, வியாழக்கிழமை சாயங்காலம். இன்னைக்கு பெல்ஜியத்துல இருக்கிற ஃப்ரான்ங்கற சின்ன கிராமத்துக்குப் பக்கத்துல கேப்டன் பைலவெல்டோட டச்சு குதிரை பீரங்கி பேட்டரி (சேர்ந்து சுடற ஒரு பீரங்கிக் குழு) நிக்குது, எட்டு பீரங்கி, கூடவே நாசௌ நாட்டு காலாட்படை ஒரு பட்டாலியன், அவ்வளவுதான். தெற்குல இருந்து சார்லராய் ரோட்டுல வர்றது நெப்போலியனோட சொந்தக் காவல் படையான இம்பீரியல் கார்டோட ஈட்டிக் குதிரைப்படை. அதுல பெரும்பாலான ஆளுங்க போட்டிருந்தது சிவப்பு யூனிஃபார்ம். அந்த சிவப்பு ஈட்டிப்படை 1810ல எப்படி உருவாச்சுன்னு பாத்தா, ஹாலந்து ராஜாவோட காவல் குதிரைப்படையை நெப்போலியன் அப்படியே எடுத்து தன் கார்டுல சேர்த்ததுதான். 1815ல அதுல பெரும்பாலும் பிரெஞ்சுக்காரங்கதான் மிச்சம், ஆனா பிறப்பு டச்சுப் பிறப்பு. அதாவது நெப்போலியன் கடைசியா தோத்த வாட்டர்லூ போர்த்தொடர்ல, காத்ர் ப்ராங்கற நாற்சந்திப் பக்கம் வெடிச்ச முதல் பீரங்கிக் குண்டுகள், ஒரு பழைய டச்சு படையைப் பாத்து இன்னொரு பழைய டச்சு படை சுட்டது.

இது சும்மா தற்செயல்னு கடந்து போயிடலாம். ஆனா இந்த குதிரை ஆர்ட்டிலரியோட 22 வருஷ சர்வீஸ் ரெக்கார்டை வரிசையா வச்சுப் பாத்தா எல்லா பக்கத்துலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு.

நான் இங்க எடுத்துக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் எழுத்துகள்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு குற்றச்சாட்டு இருக்கு: வாட்டர்லூல டச்சு-பெல்ஜிய ஆளுங்களை நம்ப முடியல, நேத்து வரைக்கும் நெப்போலியன் கிட்ட சம்பளம் வாங்கினவங்க, மனசெல்லாம் அங்கதான் இருந்துச்சு, அப்படின்னு. காலாட்படை விஷயத்துல அது பெரிய வாதம், அதுக்குள்ள நான் போகல. பீரங்கிப் படையை மட்டும் தனியா பிரிச்சுப் பாத்தா எனக்குத் தெரியறது இதுக்கு நேர் எதிர். எந்த பிரெஞ்சு சர்வீஸைக் காட்டி சந்தேகப்பட்டாங்களோ அந்த சர்வீஸ்தான் அவங்களை அன்னைக்கு நிக்க வச்சுது.

முதல்ல, குதிரை ஆர்ட்டிலரின்னா என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா இது புரியலன்னா மீதி எல்லாம் வெறும் பேரும் தேதியுமாத்தான் தெரியும். சாதாரண பீரங்கிப் படைல பீரங்கியை குதிரை இழுக்கும், சுடற ஆளுங்க பக்கத்துல நடந்து வருவாங்க. அதனால பீரங்கியோட வேகம் மனுஷன் நடக்கற வேகம்தான். குதிரை ஆர்ட்டிலரில ஒவ்வொரு கன்னரும் சொந்தமா ஒரு குதிரை மேல வருவான், பீரங்கியை ஆறு குதிரை இழுக்கும், பின்னாடி வெடிமருந்து வண்டிகளுக்குத் தனிக் குதிரைங்க. ஒரு பேட்டரிக்கு 200 குதிரைக்கு மேல வேணும். செலவு பயங்கரம். தீவனம், லாடம், சேணம், நோய்னு எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா ஒரு சின்ன நாட்டு அரசாங்கம் யோசிச்சு யோசிச்சுத்தான் கை வைக்கும். ஆனா அதுக்குப் பலன் உண்டு: எதிரி எதிர்பார்க்காத இடத்துக்கு பாய்ஞ்சு போய், இறங்கி, லிம்பர்ங்கற இழுவை வண்டில இருந்து பீரங்கியைக் கழட்டித் திருப்பி, ஒரு நிமிஷத்துக்குள்ள முதல் குண்டை விட்டுடலாம். நிலைமை மோசமானா அதே வேகத்துல கிளம்பியும் போயிடலாம்.

சுடறதும் சும்மா இல்ல. ஒருத்தன் ஈரத் துடைப்பானால குழாய்க்குள்ள மிச்சம் இருக்கிற நெருப்பை அணைக்கணும், ஒருத்தன் மருந்துப் பையையும் குண்டையும் வைக்கணும், இடிகோலால இடிக்கணும், அந்த நேரம் முழுக்க இன்னொருத்தன் பின்னாடி இருக்கிற பத்தவைக்கற ஓட்டையை கட்டைவிரலால அழுத்தி மூடியே வச்சிருக்கணும். விரலை எடுத்தா காத்து உள்ள போய் மிச்சப் பொறி பத்திக்கும், முன்னாடி நிக்கறவன் கை போயிடும். இதை குண்டு மழைக்கு நடுவுல, ஒரு ஆள் விழுந்தா பக்கத்து ஆள் அவன் வேலையையும் சேர்த்து செஞ்சுகிட்டு, நிமிஷத்துக்கு ரெண்டு மூணு தடவை பண்ணணும். இதெல்லாம் கை பழக்கம். எந்த ராஜா மேல பக்தி இருக்குங்கறதெல்லாம் ரெண்டாவது. வருஷக் கணக்கா பண்ணினவன் கை தானா ஓடும், புதுசா சேர்ந்தவன் கை நடுங்கும்.

முதல் கொடி. 1793 பிப்ரவரி 1ஆம் தேதி பிரெஞ்சு புரட்சி அரசு பிரிட்டன் மேலயும் டச்சு குடியரசு மேலயும் போர் அறிவிச்சுது. மூணே வாரத்துல, பிப்ரவரி 21ஆம் தேதி, ஸ்டாட்ஹோல்டர் (டச்சு குடியரசோட பரம்பரைத் தலைவர்) ஐந்தாம் வில்லியம் காலத்துல குதிரை ஆர்ட்டிலரிப் படை உருவாச்சு. ஐடியா புதுசு இல்ல, பிரஷ்யாவோட ஃப்ரெட்ரிக் 1759லயே ஆரம்பிச்சுட்டார், பிரெஞ்சுக்காரங்க 1792ல எடுத்துக்கிட்டாங்க. பணக்கார வியாபாரி நாடுன்னு பேரு வாங்கின டச்சுக்காரங்க எதிரி கழுத்துக்கு வந்தப்புறம்தான் காசை வெளிய எடுத்திருக்காங்க. நம்ம ஊர்ல வெள்ளம் வந்தப்புறம் வாய்க்கால் தூர் வாருவாங்களே, அந்தக் கதைதான்.

அதுக்கப்புறம் ஃப்ளாண்டர்ஸ்ல டச்சுப் படைக்கு நல்ல காலம் ஒண்ணும் இல்ல. 1793 செப்டம்பர்ல வெர்விக்ல அடி, 1794 ஜூன் 26ல ஃப்ளூரூஸ்ல கூட்டணியோட சேர்ந்து அடி. (மேப்ல பாத்தீங்கன்னா ஃப்ளூரூஸ்ல இருந்து காத்ர் ப்ரா அரை நாள் நடைதான். 21 வருஷம் கழிச்சு அதே மண்ணுக்குத் திரும்பி வரப்போறாங்க.) 1794-95 குளிர்காலத்துல ஆறெல்லாம் உறைஞ்சு போச்சு. ஹாலந்துக்கு ஆறும் தண்ணியும்தான் கோட்டைச் சுவர், அது உறைஞ்சதும் ஜெனரல் பிஷக்ரூவோட பிரெஞ்சுப் படை ஐஸ் மேல நடந்தே உள்ள வந்துடுச்சு. 1795 ஜனவரி 18ஆம் தேதி வில்லியம் ஸ்கெவனிங்கன் கடற்கரைல ஒரு மீன்பிடிப் படகுல ஏறி இங்கிலாந்துக்குப் போயிட்டார்.

போன இடத்துல இருந்து அவர் செஞ்ச ஒரு காரியம் நம்ம பக்கத்தையும் தொட்டுச்சு. லண்டன் பக்கத்துல க்யூங்கற இடத்துல இருந்து, டச்சு காலனிகளை எல்லாம் பிரிட்டிஷ்காரங்க கிட்ட ஒப்படைச்சிடுங்கன்னு கவர்னர்களுக்கு கடிதம் எழுதினார். இலங்கைல இருந்தவங்க உடனே கேக்கல. 1795ல திருகோணமலையும் யாழ்ப்பாணமும், 1796 பிப்ரவரில கொழும்பும் பிரிட்டிஷ் கைக்குப் போச்சு. யாழ்ப்பாணத்துல ஒல்லாந்தர் கோட்டைன்னு சொல்றோமே, அந்த ஒல்லாந்தர் ஆட்சி முடிஞ்சது இந்தக் குழப்பத்துலதான்.

ஊர்ல இருந்த பீரங்கிக்காரங்களுக்கு ஒரு காலைல எழுந்தா நாடு பிரெஞ்சு ஆதரவுல வந்த படாவியக் குடியரசு. ரெண்டாவது கொடி. நேத்தைய எதிரி இன்னைக்கு கூட்டாளி, பீரங்கி அதேதான், குதிரையும் அதேதான்.

இந்த ரெண்டாவது கொடிக்கான நிஜப் பரீட்சை 1799ல வந்துச்சு, இந்த ஆய்வுல எனக்கு ரொம்ப முக்கியமான சாட்சியமே அதுதான். ஆகஸ்ட் 27ஆம் தேதி வட ஹாலந்துல கலன்ட்ஸோக் பக்கம் பிரிட்டிஷ் படை கரை இறங்குச்சு, பின்னாடியே ரஷ்யப் படை. கூட வில்லியமோட மகன், பட்டத்து இளவரசர். திட்டம் என்னன்னா, இளவரசர் முகத்தைப் பாத்ததும் பழைய டச்சுச் சிப்பாய்ங்க கட்சி மாறிடுவாங்கன்னு. கடற்படை விஷயத்துல அது பலிச்சுது. ஆகஸ்ட் 30ஆம் தேதி ஃப்ளீட்டர்ங்கற இடத்துல மாலுமிகள் கலகம் பண்ணி சண்டை போட மாட்டோம்னு சொல்ல, படாவியக் கப்பற்படை ஒரு குண்டு கூட சுடாம சரணடைஞ்சுது. ஆனா தரைப்படை மாறல. டாண்டல்ஸ், டுமொன்ஸோன்னு ரெண்டு டச்சு ஜெனரல்களோட டிவிஷன்கள் பிரெஞ்சு ஜெனரல் ப்ரூனுக்குக் கீழ நின்னு சண்டை போட்டுச்சு. செப்டம்பர் 19ல பெர்கன், அக்டோபர் 2ல திரும்ப அதே பக்கம், அக்டோபர் 6ல காஸ்ட்ரிகம். மணல் மேடும் வாய்க்காலும் குறுகின கரை ரோடும் இருக்கிற ஊரு, அங்க வேகமா இடம் மாறக்கூடிய லேசான பீரங்கிதான் உதவும், கனமான பீரங்கி மணல்ல இறங்கிடும். அக்டோபர் 18ல அல்க்மார் ஒப்பந்தம், பிரிட்டிஷும் ரஷ்யாவும் மூட்டை கட்டிகிட்டு கப்பல் ஏறினாங்க.

இதை ஞாபகம் வச்சுக்கோங்க. "டச்சுக்காரன் எப்ப வேணா கட்சி மாறுவான்"னு சொல்றவங்களுக்கு 1799 தரைப்படைதான் பதில். தன் பழைய ஆட்சியாளரோட மகனே நேர்ல வந்து கூப்பிட்டும் அவங்க வரிசையை விட்டு நகரல. அந்த இளவரசர் யாருன்னா, பின்னாடி 1815ல ராஜா முதலாம் வில்லியம் ஆனவர். 1814ல அந்த பீரங்கிக்காரங்க சத்தியப் பிரமாணம் எடுத்ததும் அவர் பேர்லதான். அவருக்கு 1799 மறந்திருக்காதுன்னு நினைக்கிறேன், ஆனா அனுபவசாலி கன்னரை விட்டா வேற யாரு இருக்கா, சேர்த்துக்கிட்டார்.

நடுவுல நடந்ததை வேகமா சொல்லிடறேன். 1804ல பிரெஞ்சு ஜெனரல் மார்மோன் ஸைஸ்ட் பக்கம் பெரிய முகாம் போட்டு பிரெஞ்சு, படாவியப் படைகளை சேர்த்து வச்சு பயிற்சி கொடுத்தார். மார்மோன் அடிப்படைல ஒரு பீரங்கி ஆபீசர், பிரெஞ்சு பீரங்கி வகைகளை மாத்தி ஆறு பவுண்டரை (ஆறு பவுண்டு எடைக் குண்டு சுடற பீரங்கி) கொண்டு வந்ததுல பெரிய பங்கு அவருக்கு உண்டு. ஒரு பீரங்கிப் படைக்கு இதை விட நல்ல வாத்தியார் கிடைக்கறது கஷ்டம். (வேலை இல்லாத நேரத்துல சிப்பாய்ங்களை வச்சு மண்ணுல ஒரு பிரமிடு கட்டினார், அது இன்னும் இருக்கு, ஆஸ்டர்லிட்ஸ் பிரமிடுன்னு பேரு, ஆஸ்டர்லிட்ஸ் சண்டை நடந்தது அது கட்டினதுக்கு அடுத்த வருஷம்ங்கறது வேற விஷயம், பேரு அப்புறம் மாத்தினது.) 1805ல அந்தப் படை அப்படியே உல்ம் பக்கம் நடந்துச்சு.

1806 ஜூன்ல நெப்போலியன் தன் தம்பி லூயியை ஹாலந்து ராஜா ஆக்கினார். மூணாவது கொடி. லூயி பாவம், நல்ல மனுஷன், டச்சு மொழி கத்துக்க முயற்சி பண்ணினார், ஜனங்களுக்குப் பிடிச்சும் போச்சு, ஆனா அண்ணன் கேக்கும்போதெல்லாம் ஆள் அனுப்பியே ஆகணும். 1808ல ஸ்பெயினுக்கு ஒரு டச்சு பிரிகேட் கிளம்புச்சு, தலைவர் ஜெனரல் ஷாஸே, கூட கேப்டன் ட்ரிப்போட குதிரை பீரங்கி கம்பெனி.

ஷாஸேயைப் பத்தி நிறைய சொல்லணும், இந்தக் கதைல கடைசி வரைக்கும் வர்றவர். 1765ல டீல்ங்கற ஊர்ல பிறந்தவர், ஸ்டாட்ஹோல்டருக்கு எதிரான தேசபக்தர் இயக்கத்துல இருந்து 1787ல பிரான்சுக்கு ஓடி, பிரெஞ்சுப் படையோட திரும்பி வந்தவர். துப்பாக்கில சுட்டுகிட்டு நிக்கறதை விட பயனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டிகிட்டு ஓடறதுதான் பிடிக்கும், அதனால "ஜெனரல் பயனெட்"னே பேரு.

ஸ்பெயின்ல டச்சுக்காரங்க பிரெஞ்சு ஜெனரல் லெவாலோட டிவிஷன்ல ஜெர்மன் நாட்டுப் படைகளோட சேர்ந்து இருந்தாங்க. 1809 மார்ச்ல மெசாஸ் தெ இபோர், ஜூலை 28ல தலவேரா, ஆகஸ்ட்ல அல்மோனசித், நவம்பர் 19ல ஒகான்யா. தலவேரால எதிர்ப்பக்கம் யாருன்னு பாருங்க, ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாடி வாட்டர்லூல இவங்களுக்கே தலைமை தாங்கின பிரிட்டிஷ் ஜெனரல். அந்தச் சண்டைக்குப் பின்னாடிதான் அவருக்கு வெலிங்டன்ங்கற பட்டமே கிடைச்சுது. லெவாலோட ஆளுங்க ஆலிவ் தோப்புக்குள்ள வரிசை கலைஞ்சு போய் பிரிட்டிஷ், ஸ்பானிஷ் பீரங்கிகளுக்கு நேரா வெளிய வந்து மாட்டிகிட்டாங்க, டிவிஷனோட பீரங்கிகள் பல எதிரி கைக்குப் போச்சு. பீரங்கியைப் பறி கொடுக்கறது ஒரு கன்னருக்கு கொடியைப் பறி கொடுக்கற மாதிரி. அந்தப் பாடத்தை நேர்ல படிச்சவர் ஷாஸே: தோப்போ மேடோ எதுவா இருந்தாலும், காலாட்படை வெளிய வர்ற வரைக்கும் காத்திருந்து, கிட்ட வந்ததும் சிதறு குண்டு அடிச்சா எப்படிப்பட்ட படையும் முன்னேற முடியாம நின்னு போயிடும்னு அவர் அடி வாங்கிக் கத்துக்கிட்டது. ஆறு வருஷம் கழிச்சு அதே பாடத்தை அவர் யார் மேல பிரயோகம் பண்ணினார்ங்கறதுக்கு அப்புறம் வர்றேன்.

1810 ஜூலைல லூயி பதவி விலகினார், நெப்போலியன் ஹாலந்தை அப்படியே பிரான்ஸோட சேர்த்துட்டார். நாலாவது கொடி. டச்சு கால் பீரங்கிப் படை 9ஆவது பிரெஞ்சு கால் பீரங்கி ரெஜிமென்ட் ஆச்சு, குதிரை பீரங்கி 7ஆவது குதிரை பீரங்கி ரெஜிமென்ட் ஆச்சு, அதுவும் அடுத்த வருஷமே கலைக்கப்பட்டு ஆளுங்க மத்த ரெஜிமென்ட்டுகளுக்குப் பிரிஞ்சு போனாங்க. ஒரு யூனிட்டா பாத்தா இங்க கதை முடிஞ்சுது. பேரு இல்ல, நம்பர் கூட இல்ல.

1812ல ரஷ்யா போன டச்சுக்காரங்கள்ல ஊர் திரும்பினவங்க ரொம்பக் கம்மி. அதுல பீரங்கிப் படை சம்பந்தப்பட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லாம போக முடியாது, குதிரை ஆர்ட்டிலரி இல்லன்னாலும். பிரெஞ்சு ராணுவத்துல பாலம் கட்டற பொன்டனியர்கள் பீரங்கிப் படைக்குக் கீழதான் வருவாங்க. நவம்பர் கடைசில பெரெசினா ஆத்தங்கரைல மாட்டிகிட்ட படையைக் காப்பாத்த ஜெனரல் எப்லே ஸ்டுடியான்கா கிட்ட ரெண்டு பாலம் போட்டார். சுமார் 400 பொன்டனியர்கள், அதுல ஏறக்குறைய 100 பேர் கேப்டன் பெந்தீனோட டச்சு கம்பெனி. படகுப் பால சாமான் எல்லாத்தையும் ஓர்ஷாலயே எரிச்சுடச் சொல்லி நெப்போலியன் உத்தரவு போட்டிருந்தார், எப்லே மட்டும் ஆணி, கருவி, ரெண்டு கொல்லு உலை, கரி வண்டி இதையெல்லாம் பத்திரமா வச்சிருந்தார், அந்தப் பிடிவாதம் இல்லன்னா கதையே வேற. கிராமத்து வீடுகளைப் பிரிச்சு மரம் எடுத்து, ஒவ்வொரு பாலத்துக்கும் 23 முக்காலி, தோள் அளவு தண்ணில ஐஸ் கட்டி மிதந்து வந்து உடம்புல மோத மோத நின்னு கட்டினாங்க. நவம்பர் 26 மத்தியானம் சின்னப் பாலம் ரெடி, சாயங்காலம் வண்டிப் பாலம் ரெடி. ராத்திரி வண்டிப் பாலம் உடைய உடைய திரும்பத் திரும்ப தண்ணில இறங்கினாங்க. எப்லேயும் கூடவே இறங்கினார், வயசு 50க்கு மேல, அந்த டிசம்பர் கடைசியிலயே செத்துப் போனார். அந்தப் பொன்டனியர்கள்ல உயிரோட மீண்டவங்க விரல் விட்டு எண்ணக்கூடிய கணக்குதான்.

1813 நவம்பர்ல ஹாலந்து பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து எழுந்துச்சு. நவம்பர் 30ஆம் தேதி பழைய இளவரசர் வில்லியம் திரும்பி வந்து இறங்கினார். எங்கன்னா, அதே ஸ்கெவனிங்கன் கடற்கரை, 18 வருஷத்துக்கு முன்னாடி அப்பா படகு ஏறின இடம். 1814ல ராணுவத்தை மொத்தமா புதுசா கட்டினாங்க, குதிரை ஆர்ட்டிலரியும் திரும்ப வந்துச்சு. அஞ்சாவது கொடி. தெற்குல பெல்ஜிய மாகாணங்கள் சேர்ந்ததும் அங்கயும் தனியா குதிரை பேட்டரி. வடக்கு ஆளும் தெற்கு ஆளும் பீரங்கி வேலையை பிரெஞ்சு முறைல படிச்சவங்க, பீரங்கியும் பிரெஞ்சு வகை, பேட்டரிக்கு ஆறு பவுண்டர் ஆறு, ஹோவிட்சர் (குண்டை மேல வளைச்சு வீசற பீரங்கி) ரெண்டு. கமாண்டு கூட நிறைய பேருக்கு பிரெஞ்சுலதான் வசதி. ஷாஸே 1814 பிப்ரவரி வரைக்கும் நெப்போலியனுக்காக பார்-ஸ்யூர்-ஓப்ல சண்டை போட்டு காயம் பட்டவர், அதே வருஷம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார், 1815ல ஒரு டிவிஷனுக்கே தலைவர். அவரோட பீரங்கிக் கமாண்டர் மேஜர் வான் டெர் ஸ்மிஸ்ஸன், பிரஸ்ஸல்ஸ்காரர், இவரும் பிரெஞ்சு பீரங்கில இருந்தவர்தான்.

வெலிங்டனோட கண்ணுல இருந்து பாத்தா சந்தேகம் வராம இருக்குமா? வரும்தான். அதுல தப்பு சொல்ல மாட்டேன்.

இப்ப ஃப்ரானுக்கு திரும்புவோம். பைலவெல்ட் ஈட்டிப்படையை குண்டாலயும் சிதறு குண்டாலயும் நிறுத்தி, கொஞ்சம் பின்வாங்கி, திரும்ப இறங்கி சுட்டு, திரும்பப் பின்வாங்கின்னு நாசௌ ஆளுங்களோட சேர்ந்து போஸு காட்டு ஓரம் வரைக்கும் வந்தார். குதிரை ஆர்ட்டிலரி கண்டுபிடிச்சதே இதுக்குத்தான். குதிரைப்படை மட்டும் தனியா வந்து காலாட்படையையும் பீரங்கியையும் சேர்த்து உடைக்க முடியாது, அதனால பிரெஞ்சுக்காரங்க அன்னைக்கு ராத்திரி நாற்சந்தியைப் பிடிக்கல. காத்ர் ப்ராங்கற பேரே "நாலு கை"ன்னு அர்த்தம், நாலு ரோடு சேர்ற இடம். நாசௌ ஆளுங்களோட 23 வயசுத் தலைவர், ஜெர்மன் இளவரசர் பெர்ன்ஹார்ட், தன் பொறுப்புல அங்க பிரிகேடை நிறுத்தினார். (இவரும் வாக்ராம்ல நெப்போலியன் பக்கம் இருந்தவர்!) வெலிங்டன் கிட்ட இருந்து வந்த உத்தரவு, டிவிஷன் நிவெல்ஸுக்குப் போய் கூடணும்னு. அப்படிப் போயிருந்தா நாற்சந்தி காலி. டிவிஷன் தலைவர் பெர்போன்ஷேயும் நெதர்லாந்துப் படையோட சீஃப் ஆஃப் ஸ்டாஃப் (திட்டமும் உத்தரவும் பாக்கற அதிகாரி) கான்ஸ்டன்ட் ரெபெக்கும் அந்த உத்தரவை கண்டுக்காம அங்கயே ஆளைக் குவிச்சாங்க.

மறுநாள் 16ஆம் தேதி மத்தியானம் ரெண்டு மணி சுமாருக்கு மார்ஷல் நே தாக்க ஆரம்பிச்சப்ப அங்க இருந்தது ஏறக்குறைய 8,000 பேர், 16 பீரங்கி. பைலவெல்டோட எட்டு, கேப்டன் ஸ்டீவனாரோட கால் பேட்டரி எட்டு. பிரெஞ்சு பீரங்கி எண்ணிக்கை அதிகம், அனுபவமும் அதிகம். ஸ்டீவனார் அங்கயே செத்தார், பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ஞ்சப்ப அவர் பேட்டரியோட பீரங்கிகள் எதிரிக்கு நடுவுல மாட்டிச்சு. நடந்து வர்ற கன்னர்களுக்கு தப்பிக்க வேகம் கிடையாது, குதிரை பேட்டரிக்கு இருந்துச்சு. பிக்டனோட பிரிட்டிஷ் டிவிஷன் வந்து சேர்ற வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல அந்த நாற்சந்தியை நெதர்லாந்து ஆளுங்க மட்டும் வச்சிருந்தாங்க. இந்த ஒரு மணி நேரத்தைத்தான் பழைய பிரிட்டிஷ் எழுத்துகள் ரெண்டு வரில முடிச்சிடும், எனக்கு எரிச்சலா இருக்கறது அதுதான்.

18ஆம் தேதி வாட்டர்லூ. பைலவெல்ட் பேட்டரி இடது பக்கம், பைலண்ட் பிரிகேடோட ஓஹன் ரோட்டு மேட்டுல. எதிர்ல பிரெஞ்சுக்காரங்களோட பெரிய பேட்டரி, சுமார் 80 பீரங்கி, அப்புறம் பிரெஞ்சு ஜெனரல் தெர்லோனோட காலாட்படை அலை. அன்னைக்கு அந்த இடத்துல பைலண்டோட காலாட்படை பின்னாடி போனதைத்தான் எல்லாரும் எழுதுவாங்க, பக்கத்துல இருந்த பேட்டரி பத்தி யாரும் பேச மாட்டாங்க.

ஒரு சின்ன துணைத் தகவல்: அதே நாள் பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி ஹாலே பக்கம் நின்ன நெதர்லாந்துப் படைல "இந்திய பிரிகேட்"னு ஒண்ணு இருந்துச்சு, தனி பீரங்கி பேட்டரியோட. நம்ம இந்தியா இல்ல, கிழக்கிந்தியத் தீவுகளுக்கு, ஜாவாவுக்கு அனுப்பறதுக்காக சேர்த்த ஆளுங்க. கப்பல் ஏறதுக்கு முன்னாடி நெப்போலியன், 1814ல தோத்து நாடு கடத்தப்பட்டிருந்த எல்பா தீவுல இருந்து வந்துட்டார்.

சாயங்காலம் ஏழரை மணி வாக்குல இம்பீரியல் கார்டு மேலேறி வந்துச்சு, நெப்போலியனோட கடைசிச் சீட்டு. ஷாஸேயோட டிவிஷன் காலைல இருந்து ப்ரேன்-லாலூ பக்கம் சும்மா நின்னுட்டு மத்தியானத்துக்கு மேலதான் வரிசைக்குப் பின்னாடி வந்திருந்துச்சு. ஷாஸே முன்னாடி பாக்கறார், ஒரு பிரிட்டிஷ் பேட்டரி, லாயிடோடது, சத்தமே இல்லாம நிக்குது. ஏன் சுடலன்னு கேட்டா, குண்டு தீர்ந்துடுச்சு. கடன் குடுக்கவும் முடியாது, அவங்களோடது பிரிட்டிஷ் ஒன்பது பவுண்டர், இவரோடது பிரெஞ்சு வகை ஆறு பவுண்டர், பவுண்டே ரெண்டு நாட்டுல வேற வேற எடை. உடனே வான் டெர் ஸ்மிஸ்ஸன் கிட்ட சொல்லி கேப்டன் க்ராமரோட பெல்ஜிய குதிரை பேட்டரியை முன்னாடி அனுப்பினார். மேல யார் உத்தரவுக்கும் காத்திருக்கல.

மேட்டு உச்சிக்கு பாய்ஞ்சு போய், இறங்கி, திருப்பி, கிட்டத்துல இருந்து சிதறு குண்டு. டப்பாக்குள்ள அடைச்ச இரும்புக் குண்டுகள் வாயை விட்டு வெளிய வந்ததும் விரிஞ்சு பரவும், நெருக்கமா வரிசை கட்டி வர்ற காலாட்படைக்கு அதை விட மோசமானது ஒண்ணும் இல்ல. 3ஆவது கிரெனடியர்ஸோட பட்டாலியன் தடுமாறுச்சு. அப்புறம்தான் ஷாஸே டெட்மர்ஸோட பிரிகேட், சுமார் 3,000 பேரை, பயனெட் மாட்டிகிட்டு இறக்கினார். தலவேரால தோப்பு ஓரத்துல அவர் ஆளுங்களுக்கு நடந்தது இங்க நெப்போலியனோட கார்டுக்கு நடந்துச்சு: மேடு, திடீர்னு கிட்டத்துல பீரங்கி, பின்னாடியே காலாட்படை. கார்டு எப்படி ஏறி வரும், எந்த நேரத்துல தளரும்னு இவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, அதே ராணுவத்துல வளர்ந்தவங்க.

இதுல நான் ஒண்ணை ஒத்துக்கணும். க்ராமர் பேட்டரி 1793 படையோட நேர் வாரிசு கிடையாது, அது தெற்கு ஆளுங்களோடது. அதனால "டச்சு குதிரை ஆர்ட்டிலரி கார்டை உடைச்சுது"ன்னு நெஞ்சை நிமித்தி எழுதறதும் சரியில்ல. அந்த மேட்டுல பிரிட்டிஷ் கார்ட்ஸும் 52ஆவது ரெஜிமென்ட்டும் செஞ்சது தனிக் கதை, அவங்க பங்கை யாரும் குறைக்க முடியாது. நான் சொல்றது இவ்வளவுதான், தீர்ந்து போன ஒரு பேட்டரிக்குப் பக்கத்துல சரியான நிமிஷத்துல ஒரு புது பேட்டரி வந்து நின்னது அதிர்ஷ்டம் இல்ல, 20 வருஷப் பழக்கம்.

வெலிங்டனோட வாட்டர்லூ அறிக்கைல ஷாஸே பேரு இல்ல. ஷாஸேக்கு கோபம். ஜூலைல, அந்தப் பக்கத்து கமாண்டரா இருந்த லார்டு ஹில்லுக்கு கடிதம் எழுதி நடந்ததைச் சொன்னார். ஹில் மரியாதையா பதில் போட்டார், உங்க ஆளுங்க பண்ணினதை நான் என் அறிக்கைல சொல்லியிருக்கேன்னு. அந்தப் பதிலோட விஷயம் நின்னு போச்சு.

நெதர்லாந்து ராஜ்ஜியம் 15 வருஷம்தான் ஒண்ணா இருந்துச்சு. 1830ல பெல்ஜியம் பிரிஞ்சப்ப ஷாஸே ஆன்ட்வெர்ப் கோட்டைக்குள்ள டச்சுக் கொடியைப் பிடிச்சுகிட்டு உக்காந்துட்டார், அக்டோபர் 27ஆம் தேதி அங்க இருந்து ஊர் மேலயே பீரங்கி அடிச்சார். வான் டெர் ஸ்மிஸ்ஸன் பெல்ஜியப் பக்கம் போனார். அங்கயும் சும்மா இருக்கல, வில்லியமோட ஆரஞ்சு ராஜ வம்சத்தைத் திரும்பக் கொண்டு வர்ற சதில 1841ல மாட்டினார். 1832 கடைசில ஷாஸேயை ஆன்ட்வெர்ப்ல இருந்து வெளியேத்த வந்தது பிரெஞ்சுப் படை, தலைவர் மார்ஷல் ஜெரார், 1815ல லிக்னில நெப்போலியனுக்காக ஒரு பெரிய படைப்பிரிவை நடத்தின அதே ஜெரார். 24 அங்குல வாயுள்ள ஒரு ராட்சச மோர்ட்டாரை (குண்டை உயரத் தூக்கி வீசற குட்டைப் பீரங்கி) கூட அங்க கொண்டு வந்து பாத்தாங்க. டிசம்பர் 23ஆம் தேதி ஷாஸே சரணடைஞ்சார், வயசு 67.

குதிரை ஆர்ட்டிலரி வடக்குலயே தங்கிடுச்சு. யூனிஃபார்ம்ல இருக்கிற மஞ்சள் நாடாவால அவங்களுக்கு ஹேலெ ரைடெர்ஸ், மஞ்சள் சவாரிக்காரங்கன்னு பேரு, பிறந்த நாள் இன்னமும் பிப்ரவரி 21தான். ஒவ்வொரு செப்டம்பர்லயும் ராஜா பார்லிமென்ட்டைத் திறக்கிற நாள்ல ஹேக்ல மரியாதைக் குண்டு வெடிக்கறது இந்தப் பேர்ல இருக்கிற பேட்டரி. அந்த ஊர்வலத்துல போற குதிரைங்க வெடிச் சத்தத்துக்கு மிரளக் கூடாதுன்னு முந்தின நாள் கடற்கரைக்குக் கூட்டிகிட்டுப் போய் புகை, வெடி, பேண்டு சத்தத்துக்கு நடுவுல ஓட விட்டுப் பழக்குவாங்க. அந்தக் கடற்கரையும் ஸ்கெவனிங்கன்தான்.